'ஸ்வீட் ஹோம் அலபாமா': ஊர்ப்பற்றா, ஒரு மாநிலத்தின் குற்றத்துக்கு வக்காலத்தா?

கருங்காலி எழுதியது:

எழுபதுகளின் சிறந்த அமெரிக்கக் கிடார் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் திரியில் லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வை நான் முன்மொழிந்தேன். உடனே நண்பர் உப்பளம், "இனவெறிக்கு வக்காலத்து வாங்கிய பாட்டு அது, பட்டியலில் இடம் கொடுக்கக் கூடாது" என்று மறுத்தார். இரண்டு வரியில் தீர்கிற வழக்கு அல்ல என்பதால் தனித் திரி தொடங்குகிறேன்.

முதலில், இவர்கள் அலபாமாக்காரர்களே அல்லர். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்தில் உருவான குழு. பாடலை எழுதிய மூவரில் பாடகர் ரானி வான் சான்ட், கிடார் கலைஞர் கேரி ராஸிங்டன் இருவரும் அந்த ஊர். மூன்றாமவரான எட் கிங் கலிஃபோர்னியாக்காரர். ஒத்திகையில் ராஸிங்டன் ஏதோ ஒரு துணுக்கை வாசித்துக்கொண்டிருக்க, கிங் அதற்கு மறுமொழியாக ஒன்றை வாசித்தார். இன்று உலகமே அறிந்த அந்தத் தொடக்கம் அப்படித்தான் பிறந்தது. சொற்கள் வான் சான்ட்டுடையவை. 1973-ல் பதிவு செய்தார்கள். 1974 ஏப்ரலில் 'செகண்ட் ஹெல்ப்பிங்' ஆல்பத்தில் வந்தது, ஜூனில் தனிப்பாடலாக வெளியானது, அக்டோபரில் பில்போர்டு பட்டியலில் 8-ஆம் இடத்தைத் தொட்டது. அவர்களுடைய வேறு எந்தத் தனிப்பாடலும் அந்த உயரத்துக்குப் போகவில்லை.

பாடலைத் தூண்டியவர் பாடகர் நீல் யங். 1970-ல் 'சதர்ன் மேன்', 1972-ல் 'அலபாமா' என்று இரண்டு பாடல்களில் தெற்கு மாநிலங்களை அவர் கடுமையாகச் சாடினார். அடிமைகள்மீது விழுந்த சாட்டையடியையும், கறுப்பினத்தவரை மிரட்ட வெள்ளை இனவெறியர்கள் கொளுத்திய சிலுவையையும் சொல்லிச் சாடினார். ஆனால் தெற்கில் பிறந்த ஒவ்வொருவனும் அந்தச் சிலுவையைக் கொளுத்தியவன் என்பதுபோல அந்தப் பாடல்கள் ஒலித்தன. ஒன்றிரண்டு வாத்துகளைக் கொல்வதற்காக எல்லா வாத்துகளையும் நீல் சுட்டுத்தள்ளுகிறார் என்றார் வான் சான்ட். பகையில் சொன்ன சொல் அல்ல அது. அவர் யங்கின் தீவிர ரசிகர். 1977-ல் வந்த 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் நீல் யங் படம் போட்ட சட்டையுடன்தான் நிற்கிறார். யங்கும் 2012-ல் எழுதிய தன்வரலாற்றில், 'அலபாமா' பாடலுக்கு அந்த அடி தேவைதான், என் சொற்கள் மேட்டிமையோடு குற்றம் சாட்டின, முழுமையாக யோசித்து எழுதப்படவில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். வழக்குத் தொடுத்தவரே வழக்கைத் திரும்பப் பெற்ற பிறகு நாம் எதற்காக அதை நடத்துகிறோம்?

உப்பளம் எழுதியது:

வழக்கைத் தொடுத்தவர் நீல் யங் அல்லர், கருங்காலி. அவர் டொராண்டோவில் பிறந்த ஒரு பாட்டுக்காரர். தன் பாட்டைப் பற்றி அவர் வருத்தப்படலாம், அது அவர் உரிமை. அலபாமாமீது வழக்குத் தொடுத்தவர்கள் அலபாமாவின் கறுப்பின மக்கள். அவர்கள் எதையும் திரும்பப் பெறவில்லை.

சட்டையையும் வாத்தையும் ஒதுக்கிவிட்டு அந்தச் சரணத்துக்கு வாருங்கள். அலபாமாவின் பர்மிங்காம் நகரத்தில் மக்கள் ஆளுநரை நேசிக்கிறார்கள் என்கிறது பாட்டு. எங்களால் முடிந்ததை நாங்கள் எல்லோரும் செய்தோம் என்கிறது. பிறகு, வாட்டர்கேட் என்னை உறுத்தவில்லை, உங்கள் மனசாட்சி உங்களை உறுத்துகிறதா என்று திருப்பிக் கேட்கிறது. வாட்டர்கேட் என்பது அன்று வாஷிங்டனில் அதிபர் நிக்சனின் ஆட்சியை உலுக்கிய முறைகேடு.

அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் நம் ஊரில் டெல்லி அனுப்பிவைக்கும் ஆளுநர் அல்லர். வாக்கு வாங்கி ஆட்சிக்கு வருபவர். அந்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். 1963 ஜனவரியில் பதவியேற்ற அன்றே, இனப் பிரிவினை இன்றும் நாளையும் என்றென்றும் வேண்டும் என்று முழங்கியவர். அதே ஆண்டு ஜூன் மாதம் அலபாமா பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்று இரண்டு கறுப்பின மாணவர்களை மறித்தவர். அந்த ஆண்டின் பர்மிங்காம் எப்படி இருந்தது தெரியுமா? மே மாதத்தில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள்மீது நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவினார்கள். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, 16-ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11.

இந்தப் பாட்டு 1974-ல் வானொலிகளில் வலம் வந்தபோது அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. கொலைக் குற்றவாளி என்ற முதல் தீர்ப்பே 1977-ல்தான் வந்தது. மற்ற இருவர் 2001-லும் 2002-லும்தான் தண்டிக்கப்பட்டார்கள். ஆக, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று பர்மிங்காம் பெயரைச் சொல்லி வடக்கைப் பார்த்துக் கேட்கும் தகுதி அன்று யாருக்கு இருந்தது? ஒரு குற்றத்தைக் காட்டினால் இன்னொருவன் குற்றத்தைக் காட்டுவது பதில் ஆகாது. அது பதில் சொல்லாமல் நழுவுவது.

கருங்காலி எழுதியது:

நீங்கள் சொன்ன வரலாற்றில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியைப் பாதியில் வெட்டிவிட்டீர்கள். ஆளுநரை நேசிக்கிறார்கள் என்றதும் பின்னணிக் குரல்கள் மூன்று முறை "பூ, பூ, பூ" என்று கூச்சலிடுகின்றன. மேடையில் ஒருவரைப் பிடிக்காதபோது கூட்டம் எழுப்பும் கூச்சல் அது. வான் சான்ட் உயிரோடு இருந்தபோதே இதைப் பற்றி வருத்தப்பட்டார். பத்திரிகைகள் நேசிக்கிறார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டன, கூச்சலை யாரும் கவனிக்கவில்லை என்றார். தனக்கும் வாலஸுக்கும் பொதுவானது மிகக் குறைவு, கறுப்பின மக்களைப் பற்றி அவர் பேசுவது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தைத் தயாரித்த ஆல் கூப்பரும், முடிந்ததைச் செய்தோம் என்ற வரியை வாலஸை இறக்க முயன்றோம் என்றுதான் தான் எப்போதும் எடுத்துக்கொண்டதாகக் கூறினார்.

அதே ஆல்பத்தைக் கடைசிவரை கேளுங்கள். 'தி பாலட் ஆஃப் கர்ட்டிஸ் லோ' என்ற பாடல் வரும். ஊரே உதவாக்கரை என்று ஒதுக்கிய ஒரு கறுப்பினக் கிழவரை, தனக்குத் தெரிந்தவர்களில் மிகச்சிறந்த கிடார் கலைஞர் அவர்தான் என்று ஒரு வெள்ளைச் சிறுவன் கொண்டாடும் பாட்டு. மறு ஆண்டு 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' பாடலில் மலிவான கைத்துப்பாக்கிகளுக்கு எதிராகப் பாடினார்கள். தெற்கில் அன்று அப்படிப் பாடுவது கைதட்டல் வாங்கும் வேலை அல்ல. இவர்களா இனவெறியர்கள்?

உப்பளம் எழுதியது:

அவர்கள் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பாட்டு என்ன செய்தது என்று பேசுகிறேன். இருந்தாலும் சாட்சிகளை அழைத்தது நீங்கள், ஆகவே நானும் ஒருவரை அழைக்கிறேன். எட் கிங், உங்கள் முதல் பதிவிலேயே இருக்கும் இணை ஆசிரியர். பிற்காலத்தில் அவர் நேர்மாறாகச் சொன்னார். அந்தக் கூச்சல் தெற்கத்தியக்காரன் போடுவது அல்ல, அவன் தன் ஆளுநரைப் பிடிக்கும் என்று சொல்லும்போதெல்லாம் வடக்கத்தியவன் போடும் கூச்சல் என்றார். முடிந்ததைச் செய்தோம் என்றால் வாலஸை ஜெயிக்கவைக்கச் செய்தோம் என்று பொருள் என்றும் சொன்னார். வாலஸ் தெற்கின் சாதாரண வெள்ளைக்காரனுக்காக நின்றவர் என்பது அவர் வாதம்.

எழுதியவர் ஒருவர், தயாரித்தவர் ஒருவர், அந்தச் சரணத்துக்கு இருவரும் நேரெதிர்ப் பொருள் சொல்கிறார்கள். மேடையில் பாடியவரோ மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டு 1977 அக்டோபர் 20 அன்று மிசிசிப்பிக் காட்டில் விழுந்த விமானத்தில் இறந்துபோனார். இப்போது நான் கேட்பது இதுதான்: நான்கு சிறுமிகள் கொல்லப்பட்ட ஊரின் பெயரை எடுத்தால், இரண்டு பக்கமும் விற்கும்படி ஒரு வரியை எழுதுவது நியாயமா? வாலஸை வெறுப்பவன் கூச்சலைக் கேட்டுத் திருப்தி அடைவான். வாலஸுக்கு வாக்களித்தவன் நேசிக்கிறார்கள் என்பதைக் கேட்டு பீர் குவளையை உயர்த்துவான். இரண்டு பேரும் இசைத்தட்டு வாங்குவார்கள்.

மேடையில் பின்னால் தொங்கிய கொடியையும் மறக்க வேண்டாம். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலக் கூட்டமைப்பின் கொடி அது. விளம்பரத்துக்காக எம்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கிவைத்தது என்று பிறகு சொன்னார்கள். நிறுவனம் தொடங்கியிருக்கலாம். பதிற்றாண்டுகள் தொடர்ந்தது யார்? 2012-ல் ராஸிங்டன் அந்தக் கொடியை விடுகிறோம் என்று அறிவித்தார், ரசிகர்கள் கொதித்ததும் பின்வாங்கினார்.

ஆறுதந்தி எழுதியது:

எல்லோரும் இரண்டாவது நிமிடத்துச் சரணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் பாட்டு உலகத்தைப் பிடித்தது முதல் பத்து நொடியில். நான் மாணவர்களுக்குக் கிடார் கற்றுத்தருகிறேன். அலபாமா எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கான காரணம் கைக்குள்ளேயே இருக்கிறது.

எட் கிங்கின் குரல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறது. பிறகு டி, சி, ஜி என்று மூன்றே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள். எட்டு எண்ணிக்கையில் டி-க்கு இரண்டு, சி-க்கு இரண்டு, ஜி-க்கு நான்கு. கார்டை மொத்தமாக வருடுவதில்லை. நான்காம் தந்தியைத் திறந்தபடி தட்டிவிட்டு மேல் தந்திகளின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அடுத்து அடி ஸ்வரம் ஐந்தாம் தந்திக்கு இறங்கும், அதன்பின் ஆறாம் தந்திக்கு. படிப்படியாக இறங்கி, ஜி-யில் போதிய நேரம் தங்கி, அங்கே ஒரு சின்ன ஓட்டம் ஓடிவிட்டு மறுபடியும் மேலே. இடது கை அதிகம் அலைய வேண்டியதில்லை. முழு வேலையும் வலது கைக்குத்தான்.

இந்தப் பாட்டின் ஆதார சுருதி எது என்ற சண்டையும் பதிவுக்கூடத்திலேயே தொடங்கிவிட்டது. தொடக்கம் டி, அதனால் பாட்டு டி-யில் இருக்கிறது என்பது கூப்பரின் கட்சி. எட் கிங்குக்கு அது ஜி. தன் தனி ஆவர்த்தனம் கனவில் முழுசாக வந்ததாகக் கிங் சொல்வார். அதை அவர் ஜி-யை ஆதாரமாக வைத்து வாசித்தார், கூப்பருக்கு அது தவறான ஆதாரத்தில் வாசித்ததாகப் பட்டது. நம் கணக்கில் சொல்வதானால், ஒருவருக்கு அது ஹரிகாம்போதி, மற்றவருக்குச் சங்கராபரணம். சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஷட்ஜமாகக் கொண்டு கிரகபேதம் செய்தால் ஹரிகாம்போதி கிடைக்கும் அல்லவா? இருவர் கையிலும் இருந்தவை அதே ஏழு ஸ்வரங்கள். இன்றுவரை கிடார் ஆசிரியர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. என் காதுக்கு ஜி-தான், அங்கே தங்கும் நேரம் அதிகம். ஆனால் பாட்டு டி-யில் தொடங்கி டி-க்கே திரும்புவதால், எங்கே வந்து சேர்கிறோம் என்ற நிம்மதி கடைசிவரை கிடைப்பதில்லை. ஊர் திரும்புவதைப் பாடும் பாட்டுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

தொடக்கத்தில் ஒலியைக் கூட்டு என்று வான் சான்ட் சொல்வது கேட்கும். அது நமக்குச் சொன்னது அல்ல. தன் காதொலியில் சத்தம் போதவில்லை என்று பொறியாளரிடம் சொன்னதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஜார்ஜியாவின் டோராவில்லில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில், ஸ்டூடியோ ஒன் என்ற கூடத்தில் நடந்த பதிவு அது. நீல் யங் பெயர் வரும் இடத்தில் கூப்பர் அவர் குரலைப் பாவித்து மெல்ல 'சதர்ன் மேன்' என்று பாடுவதும் ஒரு பக்க ஒலியில் இருக்கிறது. காதில் மாட்டிக் கேட்டுப் பாருங்கள்.

உப்பளம் எழுதியது:

ஆறுதந்தி, நீங்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன். அந்த இசை அருமையானது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் புகாரே அங்கிருந்துதான் கிளம்புகிறது. இசை மட்டமாக இருந்திருந்தால் அந்த வரிகளை 1974-லேயே புதைத்திருப்பார்கள்.

நெடுஞ்சாலை எழுதியது:

நான் ஹண்ட்ஸ்வில்லில் வசிக்கிறேன், அலபாமாவின் வடக்குப் பகுதி. இங்கே இந்தப் பாட்டு காற்று மாதிரி எங்கும் இருக்கிறது. 2009-ல் மாநில அரசே இதன் தலைப்பைக் கார் எண் பலகைகளில் அச்சிடத் தொடங்கியது. காலையில் சிக்னலில் நின்றால் முன்னால் இருக்கும் காரில் அதுதான் தெரியும். ஓட்டுநர் கறுப்பினத்தவரா வெள்ளையரா என்று பலகை பார்ப்பதில்லை.

டஸ்கலூசாவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டத்துக்குப் போயிருக்கிறேன். இந்தப் பாட்டைப் போட்டதும் அரங்கமே எழுந்து நிற்கிறது. பல்லவி வரி முடியும் ஒவ்வொரு இடத்திலும், இல்லாத சொற்களைக் கூட்டம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது: "ரோல் டைட் ரோல்!" அந்த அணியின் முழக்கம் அது. களத்தில் நிற்கும் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். உப்பளம் சொன்னாரே, வாலஸ் மறித்த வாசல், அது அதே வளாகத்தில்தான் இருக்கிறது. ஃபாஸ்டர் அரங்கம் என்று பெயர். அங்கே போய் நின்று பார்த்தேன். 1963-ல் அந்த வாசலில் மறிக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் வயதுக்காரர்கள் இன்று அந்தப் பாட்டு ஒலிக்கும்போது களம் இறங்குகிறார்கள். இதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று நீங்களே பேசுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் யாரும் தொடாத ஒரு சரணம் இருக்கிறது, இங்கிருக்கும் எங்களுக்கு அதுதான் முக்கியம். மஸில் ஷோல்ஸில் ஸ்வாம்பர்கள் இருக்கிறார்கள், சோர்ந்துபோனால் அவர்கள் நம்மைத் தூக்கிவிடுவார்கள் என்று வரும் இடம். என் வீட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான கார்ப் பயணத்தில், மஸில் ஷோல்ஸை ஒட்டிய ஷெஃபீல்ட் வரும். ஜாக்சன் நெடுஞ்சாலை 3614 என்ற முகவரியில் சாலையோரம் ஒரு சிறு பதிவுக்கூடம், எதிரில் போனால் கடையென்று நினைத்துத் தாண்டிவிடலாம். ரோஜர் ஹாக்கின்ஸ், டேவிட் ஹூட், ஜிம்மி ஜான்சன், பாரி பெக்கெட் என்ற நான்கு வாத்தியக்காரர்கள் 1969-ல் அதைத் தொடங்கினார்கள். ஸ்வாம்பர்கள் என்பது இவர்களைத்தான். அதற்கு முன்பு பக்கத்திலேயே ரிக் ஹாலின் ஃபேம் பதிவுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். கறுப்பினப் பாடகர்களான அரீதா ஃபிராங்க்ளினுக்கும் வில்சன் பிக்கெட்டுக்கும் வாசித்த கைகள் இவர்களுடையவை. ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் 'ஐ'ல் டேக் யூ தேர்' 1972-ல் முதலிடம் பிடித்தது, அதற்கு வாசித்தவர்களும் இவர்களே. லினர்ட் ஸ்கினர்ட் புகழடையும் முன் ஜிம்மி ஜான்சன்தான் அவர்களை இங்கே வைத்துப் பதிவு செய்தார். 1971, 72-ல் பதிவான அந்தப் பாடல்கள் விமான விபத்துக்குப் பிறகு 1978-ல்தான் வெளியே வந்தன. அந்த நன்றிக்காக எழுதிய சரணம் இது.

கறுப்பினப் பாடகர்களும் வெள்ளை வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் நின்று பதிவு செய்தார்கள், வாலஸ் ஆண்ட அதே மாநிலத்தில். பாட்டு இனிய ஊர் என்று சொல்லும் அலபாமா அதுவாகவும் இருக்கலாம் அல்லவா?

கருங்காலி எழுதியது:

இதைத்தான் சொல்ல வந்தேன். ஆளுநரை ஒரு சரணத்தில் கூச்சலிட்டு அனுப்பிவிட்டு, அடுத்த சரணத்தில் யாரை நேசிக்க வேண்டுமோ அவர்களைக் காட்டுகிறது பாட்டு. பர்மிங்காமைக் கடந்து மஸில் ஷோல்ஸுக்குப் போகிறது.

உப்பளம் எழுதியது:

பாட்டின் மிக நல்ல இடம் அந்தச் சரணம் என்று நானும் சொல்வேன். ஆனால் அதில் பெயர் வாங்கியவர்கள் யார் என்று கவனியுங்கள். நால்வரும் வெள்ளையர்கள். அரீதா பெயர் இல்லை, பிக்கெட் பெயர் இல்லை. கூடத்துக்குப் புகழ் தேடித் தந்த தொண்டைகள் யாருடையவை? இனிய ஊரைப் பாடும்போது அவர்களைச் சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்கவில்லையா?

மின்மினி எழுதியது:

தொண்டைகள் என்று உப்பளம் எழுதியதால் வாய் திறக்கிறேன். இவ்வளவு நீளமான விவாதத்தில் அந்தப் பாட்டிலேயே பாடியிருக்கும் இரண்டு கறுப்பினப் பெண்களை யாரும் நினைக்கவில்லை.

பல்லவியில் பின்னால் எழும் குரல்கள் கிளைடி கிங், மெர்ரி கிளேட்டன் இருவருடையவை. கிளைடி டெக்சாஸின் டல்லஸைச் சேர்ந்தவர், மெர்ரி லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். இருவரும் தெற்கின் பிள்ளைகள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' பாடலில் 1969-ல் அடிவயிற்றிலிருந்து எழுந்து உடைகிற குரல் மெர்ரியுடையதுதான். இன்னொன்று கேளுங்கள். 'சதர்ன் மேன்' பாட்டை அவர் 1971-லேயே தன் ஆல்பத்தில் பாடிவிட்டார். ஆக, நீல் யங்கின் குற்றச்சாட்டையும் அவர் பாடினார், அதற்கு வந்த மறுப்பையும் அவரே பாடினார்.

எப்படிப் பாடினார் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிளைடி தொலைபேசியில் அழைத்து, அலபாமாவைப் பற்றிய பாட்டு என்றதும் மெர்ரி முடியாது என்றார். அந்தச் சிறுமிகள் அவருக்கு மறக்கவில்லை. கிளைடிதான் வற்புறுத்தினார். ஊர்வலத்தின் முன்வரிசையில் நம்மால் நிற்க முடியாது, பாட்டால் நம் எதிர்ப்பைக் காட்டுவோம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பாடினோம் என்றார் மெர்ரி.

இதை அறிந்த பிறகு பல்லவியைக் கேளுங்கள். வான் சான்ட் சோம்பலாக, நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுவதுபோலப் பாடுகிறார். அந்தப் பெண்கள் அப்படிப் பாடவில்லை. அலபாமா என்ற சொல்லின் கடைசி அசையில் அவர்கள் கொடுக்கும் அழுத்தம் வேறு. வானம் நீலமாக இருக்கும் ஊர் என்று அவர் பாடும்போது அவர்கள் அந்த வானத்துக்குக் கீழே நடந்ததையும் சேர்த்துப் பாடுகிறார்கள்.

கருங்காலி எழுதியது:

நன்றி, மின்மினி. என் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி இருக்க முடியாது. இனவெறிப் பாட்டாக இருந்தால் அவர்கள் கூடத்தை விட்டு வெளியேறியிருப்பார்கள்.

மின்மினி எழுதியது:

இல்லை, கருங்காலி. அவர்களை உங்கள் பக்கத்துச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். அவர்கள் பாடியதால் பாட்டு குற்றமற்றது ஆகிவிடாது. அன்று கறுப்பினப் பின்னணிப் பாடகிகள் வந்த வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க முடியாது. அட்டையில் யார் பெயர், பணம் யாருக்கு என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. உப்பளமும் அவர்களைக் கடத்திக்கொண்டு போக வேண்டாம். பாட வேண்டும் என்று முடிவு செய்தது அவர்கள்தான். இந்தப் பாட்டில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, வான் சான்ட்டுக்கு இருப்பதுபோல. எழுதியவரின் நோக்கம் என்ன என்று ஐம்பது ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். பாடிய இவர்களின் நோக்கம் என்ன என்று கேட்கத் தொடங்கியது மிகச் சமீபத்தில்தான்.

நெடுஞ்சாலை எழுதியது:

இதே இரட்டை மனத்தைத் தெற்கத்தியப் பிள்ளைகள் சிலர் பாட்டாகவே எழுதியிருக்கிறார்கள். டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழு 2001-ல் 'சதர்ன் ராக் ஆபெரா' என்று ஓர் ஆல்பம் முழுவதையும் லினர்ட் ஸ்கினர்ட்டை முன்வைத்துச் செய்தது. வான் சான்ட், நீல் யங் நட்பைப் பற்றி அதில் ஒரு பாட்டு, வாலஸைப் பற்றியும் ஒன்று. எழுதிய பேட்டர்சன் ஹூட் யார் தெரியுமா? ஸ்வாம்பர்களில் ஒருவரான டேவிட் ஹூட்டின் மகன். ஊரை நேசிக்கவும் வேண்டும், ஊர் செய்ததை மறைக்கவும் கூடாது என்ற நெருக்கடி அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

வாலஸ் 1972-ல் சுடப்பட்டுச் சக்கர நாற்காலியில் முடங்கியவர். பிற்காலத்தில் கறுப்பினத் தேவாலயங்களுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். 1982-ல் கறுப்பினத்தவர் வாக்குகளையும் பெற்று மறுபடி ஆளுநரானார். இந்த மாநிலத்தில் எதுவும் நேர்க்கோட்டில் போவதில்லை.

ஆறுதந்தி எழுதியது:

பாட்டு ஊரை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008-ல் கிட் ராக் 'ஆல் சம்மர் லாங்' பாடலில் இதையும் வாரன் ஜீவானின் 'வேர்வுல்வ்ஸ் ஆஃப் லண்டன்' பாடலையும் கலந்தார், பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. அதில் ஆளுநரும் இல்லை, வாட்டர்கேட்டும் இல்லை. ஏரிக்கரையில் கழிந்த கோடை விடுமுறையில் கேட்ட ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

உப்பளம் எழுதியது:

அப்படி நினைவு கழன்று போவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

கருங்காலி எழுதியது:

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாட்டின் முடிவில், பில்லி பவலின் பியானோ ஓடிக்கொண்டிருக்க ஒலி மங்கும் இடத்தில், வான் சான்ட் ஒரு வரி விட்டுச் செல்கிறார்: பதில் மான்ட்கமரியிடம் இருக்கிறது என்று. அலபாமாவின் தலைநகரான மான்ட்கமரியில்தான் 1955-ல் இனப் பிரிவினைக்கு எதிரான பஸ் புறக்கணிப்புப் போராட்டம் தொடங்கியது. 1965-ல் வாக்குரிமை கேட்டுச் செல்மா நகரிலிருந்து நடந்து வந்தவர்கள் வந்து சேர்ந்ததும் அங்கேதான். அந்த வரிக்கு இந்தப் பொருள் இருக்க வாய்ப்பே இல்லை என்பீர்களா?

உப்பளம் எழுதியது:

வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த நடைப்பயணம் எங்கே முடிந்தது என்பதையும் சொல்லுங்கள். மாநிலத் தலைமைச் செயலகத்தின் முன்னால் முடிந்தது. 1861-ல் கூட்டமைப்பின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்றது அதே கட்டடத்தில். வாலஸ் 1963-ல் நின்று முழங்கியதும் அங்கேதான். 1965 மார்ச் 25 அன்று வெளியே மார்ட்டின் லூதர் கிங் பேசிக்கொண்டிருந்தபோது வாலஸ் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தார். மான்ட்கமரியின் பதில் என்றால் வாசலுக்கு வெளியே நின்றவரின் பதிலா, உள்ளே இருந்தவரின் பதிலா? வான் சான்ட் அதைச் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் உங்களுக்கு முன்னால் நானே இந்தப் பாட்டை முன்மொழிந்திருப்பேன்.

என் வாக்கு எதிராகத்தான். பெரும்பான்மையினர் வைக்க வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் மெர்ரி கிளேட்டன் பாடிய 'சதர்ன் மேன்' பாட்டையும் பட்டியலில் சேருங்கள், அதுவும் எழுபதுகளின் பதிவுதான்.

கருங்காலி எழுதியது:

அதை நானே முன்மொழிகிறேன். இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறேன், கிளேட்டனுடையது முதலில். ஆறுதந்தி, மின்மினி, நெடுஞ்சாலை, உங்கள் வாக்குகளை அந்தத் திரியில் பதிவு செய்யுங்கள்.